பாட்டி முதல் கைக்குழந்தை வரை: குடும்பத்தோடு சிங்கப்பூர் க்ரூஸுக்குக் கிளம்புவது எப்படி

எங்கள் வீட்டில் இந்தக் கப்பல் பேச்சைத் தொடங்கி வைத்தது அம்மாவின் முழங்கால். வெளிநாட்டுப் பயணம் என்று யார் வாயெடுத்தாலும் "என்னால நடக்க முடியாது, நீங்க போயிட்டு வாங்க" என்று ஒதுங்கிவிடுவார், அம்மா வராவிட்டால் அப்பா வரமாட்டார். தம்பிக்கு ஒன்றரை வயதில் ஒரு பையன், எனக்கு நாலு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பெண்கள். இந்தக் கூட்டத்தைத் தினம் ஒரு ஹோட்டல் மாற்றி, பஸ்ஸில் ஏற்றி இறக்கி ஊர் காட்டுவது நடக்கிற காரியமா? கப்பல் என்றால் பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும், சாப்பாடும் தூக்கமும் வேடிக்கையும் லிஃப்ட் தூரத்தில் இருக்கும். அப்படித்தான் மாமியாரையும் சேர்த்துப் பத்துப் பேர் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து நாலு இரவு கப்பலில் சுற்றிவிட்டு வந்தோம். சம்பந்திகளை ஒரே கப்பலில் ஏற்றினாயா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், ஏற்றினேன், கேபின்கள் மட்டும் வேறு வேறு தளத்தில்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்ற திட்டமெல்லாம் இதை ஒட்டித்தான் வரும். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வோம், கப்பலில் ஏறியதும் பேரப்பிள்ளையை அவர்கள் மடியில் போட்டுவிட்டு நாம் நீச்சல் குளத்துக்கு ஓடுவோம். பாட்டி கடலைக்கூடச் சரியாகப் பார்க்காமல், பால் பாட்டில் கழுவிக்கொண்டு நாலு நாளை ஓட்டுவார். அதற்கு அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாமே. அதனால் டிக்கெட் போடும் முன்பே எல்லாரும் உட்கார்ந்து, எந்த நேரம் யார் குழந்தைகளைப் பார்ப்பது என்று வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு: காலையில் அவரவர் பிள்ளை அவரவர் பொறுப்பு, மதியம் குழந்தைகள் தூங்கும் இரண்டு மணி நேரம் மட்டும் பெரியவர்களில் விருப்பப்பட்டவர் காவல், இரவுச் சாப்பாடு பத்துப் பேரும் ஒரே மேசையில். மற்ற நேரம் யார் எங்கே போனாலும் யாரும் கேட்பதில்லை. கூட்டமாகப் போகிறோம் என்பதற்காகக் கூட்டமாகவே அலைய வேண்டியதில்லை.

பணத்தையும் அதே உட்காரலில் பேசிவிடுங்கள். யார் யாருக்குக் கட்டுவது, பெற்றோர் செலவை அண்ணன் தம்பி எப்படிப் பிரித்துக்கொள்வது, கப்பலுக்குள் ஆகும் சில்லறைச் செலவு யார் கணக்கில் போவது. நம் வீடுகளில் இதைப் பேசக் கூச்சப்படுவோம், அப்புறம் திரும்பி வந்து ஆறு மாதம் முணுமுணுப்போம். விளம்பரத்தில் போடும் கட்டணம் பெரும்பாலும் ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் தலைக்கு எவ்வளவு என்பதுதான். துறைமுகக் கட்டணமும் வரியும் அதன் மேல் வரும். பல கப்பல்களில் ஊழியர்களுக்கான டிப்ஸ் என்று தினமும் ஒரு ஆளுக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை கணக்கில் ஏற்றுவார்கள், தாய்ப்பால் குடிக்கிற குழந்தையானாலும் ஆள் ஆள்தான். மூன்றாவது, நாலாவது ஆளாகக் கேபினில் சேர்க்கும் குழந்தைக்குக் கட்டணம் குறையும். ஆனால் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் மட்டும் ஒரு கேபினில் இருந்தால் அந்தக் குழந்தைக்கும் முழுக் கட்டணம்தான், ஆகவே யார் எந்த அறை என்பதைப் போட்டுப் பார்த்துக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். இந்திய ஏஜென்ட் மூலம் வெளிநாட்டு பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். யார் பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

வயது விஷயத்தில் கப்பல்காரர்கள் கறார். பெரும்பாலான கம்பெனிகளில் கப்பல் கிளம்பும் நாளில் குழந்தைக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், தொடர்ந்து பல நாள் கரையே பார்க்காத நீண்ட பயணங்களில் ஒரு வயது கேட்பார்கள். கர்ப்பிணி என்றால் பயணம் முடிவதற்குள் 24 வாரத்தைத் தொட்டுவிடக் கூடாது. இது மருமகளோ மகளோ இன்னும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் செய்தியாகக்கூட இருக்கலாம், அதனால் எல்லார் காதிலும் விழும்படி பொதுவாகச் சொல்லிவையுங்கள்.

எந்தக் கப்பல், எந்த மாதம்

சென்னையிலிருந்தே கிளம்பும் கப்பலும் உண்டு. 2022 ஜூனில் கார்டீலியாவின் எம்ப்ரஸ் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓடத் தொடங்கியது, அடுத்த ஆண்டு இலங்கைக்கும் போனது. விமானச் செலவு மிச்சம். ஆனால் அது ஆண்டு முழுக்க இங்கேயே நிற்கும் கப்பல் அல்ல, தேதிகள் நம் பள்ளி விடுமுறையோடு ஒத்துவந்தால் யோசிக்கலாம். சிங்கப்பூரில் தெரிவு அதிகம்: ராயல் கரீபியன் பருவத்துக்கு ஒரு பெரிய கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துகிறது, ஜென்டிங் ட்ரீம் என்ற கப்பல் அங்கிருந்தே ஓடுகிறது, டிஸ்னியும் டிஸ்னி அட்வென்ச்சர் என்ற கப்பலைச் சிங்கப்பூருக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. மூன்று இரவு, நாலு இரவுப் பயணங்கள்தான் நிறைய. முதல் தடவைக்கு நாலு இரவு சரியாக இருக்கும். மூன்றில், வழி கண்டுபிடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். ஏழில் மாமியாருக்கு வீட்டு ரசம் ஞாபகம் வந்துவிடும்.

கடல் ஆடுமா என்பதுதான் பெரியவர்களின் முதல் கேள்வி. மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்ராவும் மறு பக்கம் மலேசியாவும் காவல் நிற்கும் குறுகிய கடல், பினாங்கு வரை பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும். புக்கெட் பக்கம் அந்தமான் கடலில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று உண்டு, அப்போது அலை கொஞ்சம் தெரியும். நம் கோடை விடுமுறையில் போவதென்றால் ஏப்ரலிலேயே போய்வந்துவிடுங்கள்.

கேபின் தேர்வில்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் மேல்தளங்களிலும் அதிகம். தலைசுற்றும் என்று பயப்படும் ஆட்களுக்கு நடுவில் வாங்குங்கள். தளப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கேபினுக்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே நாடக அரங்கம் இருந்தால் ராத்திரி டமடம. மேலும் கீழும் கேபின்களாகவே இருந்தால் நிம்மதி. லிஃப்டுக்குப் பக்கத்தில் என்று கேட்டு வாங்குங்கள், ஆனால் ஒட்டியே வேண்டாம். பெரிய கப்பலின் நடைவழி நம் தெருவைவிட நீளம், அம்மாவுக்குத் தினமும் ஆறு தடவை நடை.

குழந்தை இருக்கும் இரண்டு கேபின்களுக்கு நடுவில் உள்கதவு இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்துப் பக்கத்து அறை வேறு, உள்கதவு உள்ள அறை வேறு. ஏஜென்ட்கள் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு ஒரு ஏஜென்ட் அப்படித்தான் சொன்னார். ஏறிப் பார்த்தால் நடுவில் சுவர்தான், தம்பி ராத்திரியில் பால் பாட்டிலோடு லுங்கியில் வராந்தாவில் நடந்தான். இத்தகைய அறைகள் எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் தீர்ந்துபோகும். பால்கனி தேவையா? மதியம் குழந்தை தூங்கும்போது பெரியவர்கள் வெளியே உட்கார்ந்து கடல் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது, எனவே ஒரு கேபினுக்காவது வாங்குங்கள். ஆனால் ஒன்று. பால்கனி நாற்காலியைக் கம்பியிலிருந்து எப்போதும் தள்ளியே வையுங்கள், கதவின் மேல் தாழ்ப்பாளை எப்போதும் போட்டே வையுங்கள், குழந்தையைத் தனியே அங்கே ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். கேபினில் நாலு பேர் படுக்கலாம் என்று போட்டிருந்தால் அதில் இரண்டு படுக்கை மேலே கூரையிலிருந்து இறங்கும் அல்லது சோபாவை விரிக்க வேண்டியிருக்கும், பெரியவர்களை அதில் போடாதீர்கள். கைக்குழந்தைக்கு மடக்குத் தொட்டில் கேட்டால் இலவசமாகத் தருவார்கள், முன்பதிவிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தூளி கட்ட வழியே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது.

பெயரும் விசாவும்

நம்மூர்க்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு தலைவலி, பெயர். அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி, அம்மாவுக்கு அவருடைய அப்பா பெயர், எனக்குக் கணவர் பெயர், குழந்தைகளுக்கு அவர்கள் அப்பா பெயர். ஒரே குடும்பம், நாலு விதமான கடைசிப் பெயர். விமான டிக்கெட்டிலும் கப்பல் பதிவிலும் விசாவிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். குடும்பப் பெயர் காலியாக உள்ளவர்களுக்கு அந்தக் கம்பெனி எப்படிப் போடச் சொல்கிறது என்று கேட்டு, எல்லா இடத்திலும் அதே மாதிரி போடுங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சின்னக் குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான் என்பதால் "இப்பத்தானே எடுத்தோம்" என்று நினைப்பதற்குள் முடிந்திருக்கும். பேரனைத் தாத்தா பாட்டியோடு மட்டும் அனுப்புவதாக இருந்தாலோ, அப்பா அம்மாவில் ஒருவர் மட்டும் போவதாக இருந்தாலோ, மற்றவர் கையெழுத்திட்டு நோட்டரி முத்திரை வைத்த சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும்.

சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். க்ரூஸில் நீங்கள் சிங்கப்பூருக்குள் நுழைந்து, கப்பலில் வெளியே போய், மறுபடி நுழைகிறீர்கள், ஆகவே 'மல்டிபிள் ஜர்னி' என்று விசாவில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சிங்கப்பூரின் அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளத்தைப் பார்த்தால் மூடிவிடுங்கள். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா கேட்காமல் விடுகிறது, அவர்களுக்கும் ஒரு டிஜிட்டல் படிவம் உண்டு. தாய்லாந்துக்கும் அப்படியே ஒரு படிவம். இந்தச் சலுகைகள் அவ்வப்போது மாறுகிறவை, டிக்கெட் போடும் வாரத்திலும் கிளம்பும் வாரத்திலும் இரண்டு முறை சரிபாருங்கள். பத்துப் பேரின் காகிதங்களையும் ஒரே ஆள் தூக்கிக்கொண்டு அலையாமல் கேபின் வாரியாகப் பிரித்து, தலா ஒரு ஃபைல் போட்டுவிடுங்கள்.

பயணக் காப்பீட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் கட்டணம் டாலரில் உங்கள் கேபின் கணக்கில் ஏறும், காப்பீட்டுக் கம்பெனியிடம் பிறகுதான் திரும்ப வாங்க வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கு நோய் வாரியாக உச்சவரம்பு வைத்திருப்பார்கள், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் சேருமா என்பது சின்ன எழுத்தில் இருக்கும். கடலிலிருந்து கரைக்கு அவசரமாகக் கொண்டுபோகும் செலவு அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். நோயை மறைத்துப் பிரீமியம் குறைக்கிற புத்திசாலித்தனம் தேவைப்படும் நேரத்தில் காலை வாரிவிடும்.

பெட்டியில் என்ன, எது கூடாது

கப்பலில் ஏறும்போது பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். எனவே மாத்திரை, இன்சுலின், டயப்பர், பால் பவுடர், ஒரு மாற்று உடுப்பு, குழந்தைகளின் நீச்சல் உடை எல்லாம் கைப்பையில். அன்று மதியமே குளம் காலியாக இருக்கும், நீச்சல் உடை கையில் இருப்பவர்களுக்கு ராஜயோகம்.

அயர்ன் பாக்ஸ், கெட்டில், ரைஸ் குக்கர் எதையும் விடமாட்டார்கள், எடுத்துவைத்துக்கொண்டு கடைசி நாள் தருவார்கள். மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, சூடம் கூடாது. கப்பலில் நெருப்புக்குத்தான் பெரிய பயம். தினமும் விளக்கேற்றும் அம்மாவுக்கு பேட்டரி அகல் ஒன்று வாங்கிக் கொடுத்தோம், முதல் நாள் முகம் சுளித்தார், மறுநாள் அதற்கே பொட்டு வைத்துவிட்டார். வீட்டுச் சமையலை ஏற்ற விடமாட்டார்கள், கடையில் சீல் வைத்த பாக்கெட்டுகளுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பருப்புப்பொடி, ஊறுகாய், குழந்தைக்கான கஞ்சி மாவு எல்லாம் கம்பெனி பாக்கெட்டாகவே இருக்கட்டும்.

சிங்கப்பூர் சுங்கத்தில் நம் பெரியவர்கள் மாட்டக்கூடிய இடம் இரண்டு. ஒன்று புகையிலை. மெல்லும் புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் அங்கே தடை, வெற்றிலைப் பெட்டியோடு பயணம் செய்யும் தாத்தாவின் பையை நீங்களே ஒரு தடவை கொட்டிப் பாருங்கள். சிகரெட்டுக்கும் வரிச்சலுகை கிடையாது. இன்னொன்று கசகசா. நமக்குக் குருமா சாமான், அவர்களுக்குத் தடை செய்யப்பட்ட பொருள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படலாம், டாக்டர் சீட்டை மருந்தோடு வையுங்கள்.

கடல் மயக்கத்துக்கு மருந்து எடுத்துப் போங்கள், ஆனால் யாருக்கு எது என்று டாக்டரிடம் கேட்டு. நம் ஊரில் பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கும் ப்ரோமெத்தசின் வகை மாத்திரையை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. பெரியவர்களுக்கும் அது தூக்கக் கலக்கம் தரும், புரோஸ்டேட் தொந்தரவோ கண் அழுத்த நோயோ உள்ளவர்களுக்கு ஆகாது. நாங்கள் இஞ்சி மரப்பா ஒரு டப்பா கொண்டுபோனோம், மயக்கம் யாருக்கும் வரவில்லை, டப்பா மட்டும் இரண்டே நாளில் காலி.

ஒரு சின்ன விஷயம், ஆனால் ரொம்ப உதவியது: கேபின் சுவரும் கதவும் இரும்பு. நாலைந்து காந்தக் கொக்கி எடுத்துப் போனால் தொப்பி, ஈரத்துணி, கைப்பை எல்லாம் தொங்கவிடலாம், கதவில் ஒரு காகிதத்தைக் காந்தத்தால் ஒட்டி "நாங்க 11ஆம் தளத்தில்" என்று எழுதிவிட்டுப் போகலாம். அப்பாவுக்குக் கப்பல் செயலியில் மெசேஜ் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதைவிட இது எளிது. தள்ளுவண்டி எடுத்துப் போனால் ஒடுக்கமாக மடங்குவதாக இருக்கட்டும், வராந்தாவில் நிறுத்த விடமாட்டார்கள்.

சிங்கப்பூரில் ஒரு நாள் முன்னதாக

கப்பல் கிளம்பும் அன்றே விமானத்தில் போய் இறங்கும் திட்டம் போடாதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஒரு நாள் முன்னதாகப் போய் லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் இட்லி, தயிர்சாதம் கிடைக்கும், டயப்பரும் வாங்கிக்கொள்ளலாம், பெரியவர்களும் தெருவில் தமிழ் கேட்டுத் தெம்பாகிவிடுவார்கள். அங்கே 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். சாதாரண டாக்ஸிக்கு விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடும் தனியார் காருக்கு இல்லை. பத்துப் பேருக்கு மேக்ஸி கேப் சொல்லிவிடுங்கள். கப்பல் முனையம் இரண்டு இருக்கிறது, மெரினா பேயில் ஒன்று, ஹார்பர்ஃப்ரன்டில் ஒன்று, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. டிரைவரிடம் வெறுமனே "க்ரூஸ் சென்டர்" என்றால் எங்கே கொண்டுவிடுவார் என்று சொல்ல முடியாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு முனையத்தில் சக்கர நாற்காலி உதவியை முன்பே பதிவு செய்யுங்கள். அம்மா முதலில் "நான் என்ன நோயாளியா" என்றார், இமிக்ரேஷன் வரிசையின் நீளத்தைப் பார்த்ததும் தானே ஏறி உட்கார்ந்தார்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி எல்லாருக்கும் கட்டாயம். அவசரத்தில் எங்கே கூடுவது என்பதைப் பெரிய பெண்ணிடம் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான கைப்பட்டை, சின்ன அளவு உயிர்காப்பு உடை இரண்டும் கேட்டு வாங்குங்கள். அடுத்த வேலை வரவேற்பு மேசை: குழந்தைகளின் கேபின் அட்டையில் செலவு ஏறாதபடி பூட்டச் சொல்லுங்கள். வீடியோ கேம் அறையில் அட்டையைத் தேய்த்தால் காசு போகும் என்பது எட்டு வயதுக்குத் தெரியாது, எங்களுக்கும் இரண்டாம் நாள்தான் தெரிந்தது. அப்படியே எல்லார் போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், நடுக்கடலில் கப்பலின் செல் சேவையைப் பிடித்துக்கொண்டால் பில் தலை சுற்றும்.

நீச்சல் குளம் பற்றி ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது, முன்பே தெரிந்துகொள்ளுங்கள். டயப்பர் போடும் வயதுக் குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் குளத்தில் இறக்க விடமாட்டார்கள், நீச்சல் டயப்பர் போட்டாலும் கூடாது. சில கப்பல்களில் அவர்களுக்கென்று தண்ணீர் தெளிக்கும் தனி இடம் இருக்கும். பதிவு செய்யும் முன் அந்தக் கப்பலில் உண்டா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒன்றரை வயதுக்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காக்களைப் பார்த்து அழுவான். குழந்தைகள் கிளப் மூன்று வயதுக்கு மேல், தானே கழிப்பறை போகத் தெரிந்தவர்களுக்குத்தான். பகலில் இலவசம், ராத்திரி பத்து மணிக்கு மேல் காசு. முதல் நாளே கொண்டுபோய்ப் பதிந்துவிடுங்கள், நட்பெல்லாம் அன்றைக்கே உருவாகிவிடும்.

சாப்பாட்டில் எல்லாரும் சொல்வது, குழந்தைகள் இருந்தால் முதல் பந்தி வாங்குங்கள் என்று. நான் மாறுபடுகிறேன். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர்கள் மாலை ஐந்தரைக்கு வைக்கும் முதல் பந்தி, நம் வயிற்றுக் கணக்கில் மதியம் மூன்று மணி. எட்டு மணிப் பந்தி நமக்கு ஐந்தரை. முந்தின நாள்தான் ஊரிலிருந்து வந்த குழந்தைகள் அப்போதுதான் பசியோடும் உற்சாகத்தோடும் இருப்பார்கள், நம்மூர் ஒன்பதரைக்குத் தூங்குவது அங்கே நள்ளிரவு ஆகும், ஆகட்டுமே, நாலு நாள்தானே. சிங்கப்பூரிலேயே ஒரு வாரம் இருந்து பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும் இந்த இரண்டரை மணி நேரத்தை எப்படிச் சரிக்கட்டுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.

சைவம், முட்டை கூடாது, வேர்க்கடலை ஒவ்வாமை எதுவானாலும் பதிவின்போதே எழுதுங்கள், ஏறிய முதல் இரவே உணவு மேலாளரைப் பார்த்து மறுபடி சொல்லுங்கள். முந்தின இரவே சொன்னால் மறுநாள் மெனுவில் இல்லாததையும் செய்து தருவார்கள், சமையலறையில் இந்தியர் யாராவது இருந்தால் இன்னும் வசதி. பத்துப் பேருக்கு ஒரே மேசை வேண்டுமென்றால் எல்லாக் கேபின்களின் பதிவு எண்களையும் ஒன்றோடு ஒன்று இணைக்கச் சொல்ல வேண்டும். தனித்தனியாகப் பதிந்துவிட்டு அங்கே போய்க் கேட்டால் ஆளுக்கொரு மூலையில் உட்கார வேண்டியதுதான். விசேஷ உடுப்பு என்று ஒரு இரவு போட்டிருப்பார்கள், அதற்கென்று கோட்டு வாங்கவே வேண்டாம். பட்டுப்புடவையும் வேட்டி சட்டையும் கட்டிக்கொண்டு போனோம், அன்று போட்டோ எடுக்கக் கேட்டு வந்தவர்களே அதிகம்.

கரையில் எல்லாரும் இறங்க வேண்டியதில்லை. மலேசியாவின் போர்ட் கிளாங் துறைமுகத்திலிருந்து கோலாலம்பூர் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அங்கே பத்துமலையில் 272 படி. இளையவர்கள் போகலாம். பெரியவர்களும் கைக்குழந்தையும் கப்பலிலேயே இருந்தால், கூட்டம் இல்லாத கப்பல் முழுக்க அவர்களுக்குத்தான். புக்கெட்டில் பல பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோகும். அலையில் ஆடும் படகுக்குக் கால் மாற்றி வைக்க வேண்டும், தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால் யோசித்து முடிவு செய்யுங்கள். இன்னொன்று, அங்கே கரையில் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால். திரும்பி ஏறும் நேரம் கப்பல் கடிகாரப்படியா, போன் காட்டுவதா என்பதை இறங்கும்போதே கேட்டு, ஒருவர் கையில் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிவிடுங்கள்.

எல்லாரையும் இறக்க ஒரே ஓர் ஊர் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பினாங்கு என்பேன். கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே சுவெட்டன்ஹாம் துறைமேடையில் வந்து நிற்கும், லிட்டில் இந்தியா கொஞ்ச தூரம்தான். 1833இல் கட்டிய மாரியம்மன் கோவில் குயின் தெருவில் இருக்கிறது. வெயில் ஏறும் முன் இறங்கி, கோவில் பார்த்து, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, குழந்தையின் மதியத் தூக்கத்துக்குள் திரும்பிவிட்டோம். அம்மா நடந்தார். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

கடைசி இரவு பெட்டிகளைக் கட்டிக் கேபின் வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள், மறுநாள் காலை அவை கீழே முனையத்தில்தான் கையில் கிடைக்கும். பெட்டியை வெளியே வைக்கும் முன், காலையில் போட வேண்டிய உடுப்பு, பால், மாத்திரை, பாஸ்போர்ட் உள்ளேயே இருக்கிறதா என்று கேபின் கேபினாகப் போய்ப் பாருங்கள். எங்கள் அப்பா மிகவும் ஒழுங்கானவர், பேண்ட் எல்லாவற்றையும் மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டி ஒன்பது மணிக்கே வெளியே தள்ளிவிட்டார். சிங்கப்பூர் இமிக்ரேஷனை லுங்கியோடு கடந்தார், அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பும் விமானத்தை மட்டும் அன்று சாயங்காலத்துக்கு முன் போடாதீர்கள், பத்துப் பேரும் பெட்டியோடு வெளியே வந்து சேர்வதற்குள் மதியம் ஆகிவிடும்.